நம் நூலக அறைக் கணினியின் லாகின் திரை

(நம் குடியிருப்பின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



செயலாளர் போன் செய்து, "கம்ப்யூட்டர் பற்றிப் பேசுங்கள் சார், ஆனால் பாதியில் யாரும் எழுந்து போகாத மாதிரி பேசுங்கள்" என்றார். அதற்கு உத்தரவாதம் தர முடியாது. ஆனால் இன்று பேசப்போவது ஒரே ஒரு திரையைப் பற்றி. நூலக அறையில் இருக்கும் இரண்டு கணினிகளையும் ஆன் செய்ததும், பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு நிற்கிறதே, அந்த லாகின் திரை. உள்ளே போய் என்ன செய்யலாம் என்பதைப் பற்றியெல்லாம் இன்று பேச்சே இல்லை. வாசலிலேயே நிற்கப் போகிறோம்.

முதலில் இந்தக் கணினிகள் வந்த கதை. நம் குடியிருப்பில் அலுவலகம் வைத்திருந்த ஒருவர் ஊர் மாறிப் போகும்போது இரண்டு டெஸ்க்டாப்புகளைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல நிலையில் இருந்தவைதான். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், அது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் புதிய பிராசசரையும் கேட்கிறது. இரண்டுமே நம்மிடம் இல்லை. பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்தபோது, "ஒரு வாரம் கொடுங்கள்" என்று நான் வாயைக் கொடுத்துவிட்டேன். லினக்ஸ் மின்ட் 22 போட்டேன். காசு கிடையாது, 2029 வரை அப்டேட் வரும், பழைய இயந்திரத்திலும் மூச்சு வாங்காமல் ஓடுகிறது. விருப்பப்பட்டுக் கேட்ட 17 பேருக்குத் தனித்தனி அக்கவுண்ட் தொடங்கிக் கொடுத்தேன். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த இரண்டு மாதத்தில் எனக்கு வந்த போன்களில் முக்கால்வாசி, உள்ளே எதையும் பற்றியதல்ல. எல்லாம் இந்த வாசலைப் பற்றியது.

லாகின் திரை என்பது உங்கள் டெஸ்க்டாப்பின் ஒரு பகுதி என்று நாம் நினைக்கிறோம். இல்லை. அது ஒரு தனி நிரல். டிஸ்ப்ளே மேனேஜர் என்று பெயர். 1988-இல் கீத் பேக்கார்ட் என்பவர் யூனிக்ஸ் இயந்திரங்களுக்காக எக்ஸ்.டி.எம். என்ற ஒன்றை எழுதினார். இன்று இருப்பவை எல்லாம் அந்த வழியில் வந்தவை. நம் லினக்ஸ் மின்டில் இருப்பது லைட்-டி.எம். அது திரையில் காட்டும் முகத்துக்கு ஸ்லிக் கிரீட்டர் என்று பெயர். பெயர்களை மறந்துவிடுங்கள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள்: இந்த நிரல் உங்கள் பெயரிலும் ஓடவில்லை, என் பெயரிலும் ஓடவில்லை. அதற்கென்று ஒரு தனி அக்கவுண்ட் இருக்கிறது, அதன் பெயரில் ஓடுகிறது.

நம் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணனை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் நம் குடியிருப்பில்தான் இருக்கிறார். ஆனால் யார் வீட்டுச் சாவியும் அவரிடம் கிடையாது. யாராவது வந்தால் பெயரைக் கேட்கிறார், இன்டர்காமில் கூப்பிட்டு விசாரிக்கிறார், "சரி, போங்க" என்கிறார். பாஸ்வேர்டு சரியா தவறா என்று இந்தத் திரையும் தானாக முடிவு செய்வதில்லை. பேம் என்று இன்னொரு பகுதி உள்ளே இருக்கிறது. அதனிடம் கேட்டு, அது சொன்னால்தான் கதவைத் திறக்கிறது. திறந்தபின் உங்கள் பெயரில் உங்கள் டெஸ்க்டாப் தொடங்குகிறது. அண்ணன் ஒதுங்கிக்கொள்கிறார்.

இது புரியாமல் நான் முதல் நாளே மாட்டிக்கொண்டேன். நம் குடியிருப்பின் முகப்பைக் காலை வெயிலில் அழகாக ஒரு படம் எடுத்து, என் ஃபோல்டரில் வைத்து, லாகின் திரைக்குப் பின்னணியாகக் கொடுத்தேன். அமைப்புகளில் படம் தெரிகிறது. லாக் அவுட் செய்து பார்த்தால் வெறும் நிறம். திரும்பத் திரும்பக் கொடுத்தேன், படத்தின் அளவை மாற்றினேன், வேறு வடிவில் சேமித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. காரணம் சாதாரணம். படம் என் வீட்டுக்குள் இருக்கிறது, என் ஃபோல்டரை வேறு யாரும் பார்க்க முடியாதபடி நானே பூட்டியிருக்கிறேன். செக்யூரிட்டியிடம் "என் ஹாலில் மாட்டியிருக்கிற படத்தை கேட்டில் காட்டுங்கள்" என்றால் அவர் என்ன செய்வார்? அந்தப் படத்தை எல்லோரும் பார்க்கக்கூடிய பொது இடத்துக்குக் கொண்டுபோனேன். யூ.எஸ்.ஆர். என்ற ஃபோல்டருக்குள் ஷேர், அதற்குள் பேக்ரவுண்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். நம் லிஃப்டுக்குப் பக்கத்து நோட்டீஸ் போர்டு மாதிரி. அங்கே வைத்ததும் படம் வந்துவிட்டது. வீட்டில் லினக்ஸ் வைத்திருப்பவர்கள் யாராவது "படம் கொடுத்தேன், வரவில்லை" என்றால், பத்தில் ஒன்பது முறை இதுதான் கோளாறு.

செய்யும் வழி சுலபம். மெனுவில் அட்மினிஸ்ட்ரேஷன், அதில் லாகின் விண்டோ. அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். தோற்றம், பயனர்கள், அமைப்புகள் என்று மூன்று பக்கங்கள். தோற்றப் பக்கத்தில் படம், பின்னணி நிறம், ஐகான்கள், மவுஸ் அம்பு எல்லாம் மாற்றலாம். அங்கேயே இன்னொரு சின்ன சுவிட்ச் இருக்கிறது: பயனரின் பெயரைத் தேர்ந்தெடுத்ததும் அவருடைய சொந்த வால்பேப்பரைக் காட்டலாமா என்று. அது ஆன் ஆகியிருந்தால், நீங்கள் பாடுபட்டு வைத்த பொதுப் படம் ஒரு நொடி வந்து மறைந்துவிடும். நம் கணினிகளில் அதை ஆஃப் செய்திருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

என்ன படம் வைப்பது என்று கமிட்டி வாட்ஸாப் குழுவில் நடந்த விவாதத்தை இங்கே நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. மார்கழிக் கோலம் வேண்டும் என்றார்கள், ஆண்டுவிழாவில் எடுத்த குரூப் போட்டோ வேண்டும் என்றார்கள், யார் நடுவில் நிற்கும் போட்டோ என்ற கேள்வியும் வந்தது. கோலத்தைப் போட்டுப் பார்த்தேன். பார்க்க அழகு. ஆனால் புள்ளிகளுக்கும் கோடுகளுக்கும் நடுவே பெயரும் பாஸ்வேர்டு பெட்டியும் எங்கே இருக்கிறதென்று தேட வேண்டியிருந்தது. அப்போது நம் ஏ பிளாக் அம்மா ஒருவர் சொன்னார்: "ஏன் தம்பி, உள்ளே போகாமலேயே எல்லாருக்கும் தெரிகிற இடம் அது ஒன்றுதானே? அதில் அவசர நம்பரை எழுதி வைக்கக் கூடாதா?"

எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. இப்போது நீங்கள் பார்ப்பது அந்தப் படம்தான். அடர் நீலப் பின்னணி. நடுவில் பெயர்ப் பெட்டிக்கு இடம் விட்டு, ஓரமாகப் பெரிய எழுத்தில்: ஆம்புலன்ஸ் 108. எல்லா அவசரத்துக்கும் 112. ஆன்லைன் மோசடியில் பணம் போனால் 1930. முதியோர் உதவிக்கு 14567. அதன் கீழே நம் செக்யூரிட்டி அறை, லிஃப்ட் மெக்கானிக், மோட்டார் ரூம் எண்கள். படத்தில் எழுதியிருப்பதால் கணினி தெரிந்தவர்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. போன மாதம் பணம் போய்விட்டது என்று பதறிக்கொண்டு வந்த ஒருவர், கணினியைத் தொடாமலேயே திரையைப் பார்த்து 1930-ஐக் கூப்பிட்டார். அந்த எண்ணை எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ, பணத்தை நடுவில் நிறுத்திவைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். லாகின் திரை வேறு, நடுவில் எழுந்து போகும்போது பூட்டிக்கொள்கிற லாக் ஸ்க்ரீன் வேறு. மின்டில் இவை இரண்டும் வெவ்வேறு நிரல்கள். ஒன்றை மாற்றினால் இன்னொன்று மாறாது. "நம்பரெல்லாம் காணோம், யாரோ அழித்துவிட்டார்கள்" என்று ராத்திரி 10 மணிக்கு ஒரு போன் வந்தது. அழிக்கவில்லை. அவர் பார்த்தது லாக் ஸ்க்ரீன்.

அடுத்தது பெயர்ப் பட்டியல். இதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் லாகின் திரையில் 17 பேருடைய முழுப் பெயரும் வரிசையாக நிற்கும். நாமே நாளைக்கு வசதியாக இருக்கட்டும் என்று பிளாக், கதவு எண்ணையும் சேர்த்து எழுதியிருந்தேன். திரை ஜன்னலைப் பார்த்து இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே கூரியர் பையன்கள், வாட்டர் கேன் போடுபவர், வீடு பார்க்க வரும் புரோக்கர் எல்லோரும் உட்காரும் பெஞ்ச். நம்மில் நான்கைந்து பேர் தனியாக வசிக்கும் பெண்மணிகள். யார், எந்தக் கதவு என்று பலகை எழுதி மாட்டிய மாதிரி ஆகிவிட்டது. அவர்களில் ஒருவர் நேராக வந்து, கோபப்படாமல், "என் பெயரை எடுத்துவிடுங்கள்" என்று மட்டும் சொன்னார். மற்றவர்கள் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

பயனர்கள் பக்கத்தில் பட்டியலை மறைக்க ஒரு சுவிட்ச், பெயரைத் தட்டி உள்ளே போக ஒரு சுவிட்ச். இரண்டையும் ஆன் செய்தேன். இனி திரையில் யார் பெயரும் இல்லை; நீங்கள்தான் தட்ட வேண்டும். லினக்ஸில் பயனர் பெயர் வழக்கமாகச் சிறிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும், இடைவெளி விடக்கூடாது. அதனால் பிளாக் எழுத்து, கதவு எண், அவ்வளவுதான் பெயர். இது சிலருக்குச் சிரமம் என்று தெரியும். ஒரு பெயரைக் கிளிக் செய்வதைவிடத் தட்டுவது கஷ்டம்தான். ஆனாலும் இதை நான் மாற்றப் போவதில்லை. வீட்டுக் கணினியில் நாலு பேர் பெயர் தெரிந்தால் ஒன்றுமில்லை. பொது அறை வேறு.

இனி, எனக்கு இந்தத் திரையின் மேல் மரியாதை வரவைத்த விஷயம். சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். பெயர் சொல்லவில்லை, ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்து சிரிப்பதால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

நம் பி பிளாக் மாமா, வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கவுண்ட் வேண்டும் என்று முதலில் பெயர் கொடுத்தவர்களில் ஒருவர். பக்கத்தில் உட்கார வைத்து, அவரே பாஸ்வேர்டைத் தேர்ந்தெடுத்தார். எல்லாம் எண்கள், 8 இலக்கம். அவர் மறக்க முடியாத எண்கள் என்றார். பெயர்ப் பட்டியல் அப்போது இன்னும் திரையில் இருந்த காலம். மறுநாள் காலை வந்திருக்கிறார், பெயரைக் கிளிக் செய்து எண்ணைத் தட்டியிருக்கிறார். தவறான பாஸ்வேர்டு என்றது. மறுபடி. மறுபடியும் தவறு. எனக்குப் போன் செய்தார். சாயங்காலம் போய், எண்ணைக் கேட்டு நான் தட்டினேன். திறந்துவிட்டது. "கை தவறியிருக்கும் மாமா" என்றேன். அடுத்த நாளும் அதே கதை. அவர் தட்டினால் திறக்கவில்லை, நான் தட்டினால் திறக்கிறது. மூன்றாவது நாள் எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். பார்த்துப் பார்த்துத் தட்டியும் தவறு. அன்றும் நான் வந்து தட்டினேன், திறந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லை மாமா, வயசானால் இப்படித்தான்" என்றேன். விளையாட்டாகத்தான்.

அதன் பிறகு அவர் வரவில்லை. வேலை இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து மாடியில் துணி காயப்போடும்போது மாமி என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்: மாமா சரியாகச் சாப்பிடுவதில்லை, தனக்கு மறதி நோய் ஆரம்பித்துவிட்டது என்று நம்புகிறார், ஏ.டி.எம். கார்டு எண்ணைக்கூட மாமியிடம் எழுதிக் கொடுத்துவிட்டார், நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறார்கள். அவருடைய அண்ணனுக்கு அந்த நோய் இருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அன்றே போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். "நீங்களே தட்டுங்கள், நான் தொடமாட்டேன்" என்றேன். இதுவரை நான் பார்த்ததெல்லாம் திரையை. அன்றைக்கு அவர் கையைப் பார்த்தேன். கீபோர்டின் வலது பக்க எண் பலகையில், கண் பார்க்காமலே, கேஷ் கவுண்டரில் தட்டும் அதே வேகத்தில் எட்டு எண்ணையும் தட்டினார். ஒரு எண்கூடத் தவறவில்லை. பாஸ்வேர்டு பெட்டியில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

நம்லாக் ஆஃப் ஆகியிருந்தது. எண் பலகையில் ஒவ்வொரு விசைக்கும் இரண்டு வேலை. நம்லாக் எரிந்தால் எண். அணைந்திருந்தால் 4 என்பது இடது அம்பு, 8 என்பது மேல் அம்பு, 7 என்பது வரியின் தொடக்கம். கணினியை ஆன் செய்ததும் லாகின் திரை நம்லாக்கை அணைத்த நிலையில் நின்றது. மாமா எட்டு முறை அம்பை அசைத்துவிட்டு வெறும் பெட்டியோடு என்டர் தட்டியிருக்கிறார். அது தவறு என்றுதானே சொல்லும்? நான் எப்போதும் எழுத்துகளுக்கு மேலே இருக்கும் எண் வரிசையில் தட்டுபவன். அதற்கு நம்லாக்கோடு சம்பந்தமே இல்லை. அதனால்தான் எனக்குத் திறந்தது. பாஸ்வேர்டு தேர்ந்தெடுத்த அன்று, உள்ளே இருக்கும்போது, நானே போகிற போக்கில் நம்லாக்கைத் தட்டிவிட்டிருக்கிறேன். அவருக்குப் புள்ளி விழாதது ஏன் தெரியவில்லை என்றால், அவர் பார்த்துக்கொண்டிருந்தது காகிதத்தை.

விசையைத் தட்டி விளக்கு எரிந்ததும் மறுபடி தட்டச் சொன்னேன். திறந்தது. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்போ எனக்கு ஒன்றும் இல்லையா?" என்றார். டாக்டரிடம் போவதை நான் தடுக்கவில்லை, அது என் வேலையல்ல. போய்விட்டு வந்தார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். ஆனால் நான் சொன்ன அந்த "வயசானால்" இருக்கிறதே, அதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்றும் ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் கேட்டுக்கொள்கிறேன்.

சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆனது? இரண்டு நிமிடம். அமைப்புகள் பக்கத்தில் நம்லாக்கை ஆன் செய் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. நம்லாக்எக்ஸ் என்ற சிறிய நிரலை மென்பொருள் மேலாளரிலிருந்து போட்டால்தான் அது வேலை செய்யும். போட்டேன். இனி எப்போது ஆன் செய்தாலும் விளக்கு எரியும். உங்கள் வீட்டில் அப்பாவோ அம்மாவோ எண்களாலான பாஸ்வேர்டு வைத்திருந்தால், இன்றைக்கே போய் அந்த விளக்கைப் பாருங்கள். விண்டோஸ் கணினியானாலும் பாருங்கள்.

இதற்குத் தம்பி முறையான இன்னொரு கோளாறும் உண்டு. தமிழில் தட்டுபவர்கள் கேட்டார்கள் என்று தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்த்தேன். அவசரத்தில் அதை முதலாவதாகவும் ஆங்கிலத்தை இரண்டாவதாகவும் போட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் யாராலும் உள்ளே போக முடியவில்லை. ஆங்கில எழுத்தைத் தட்டினால் உள்ளே தமிழ் எழுத்து விழுகிறது, வெளியே புள்ளிதான் தெரிகிறது. யார் கண்டுபிடிப்பது? இப்போது ஆங்கிலம் முதலில், தமிழ் பிறகு. திரையின் மேல்பட்டையில் எந்த விசைப்பலகை என்று காட்டும் குறியையும் வைத்திருக்கிறேன். அதன் பக்கத்திலேயே மனித உருவம் மாதிரி ஒரு குறி: அதைக் கிளிக் செய்தால் திரையில் கீபோர்டு வரும், எழுத்தும் பின்னணியும் பளிச்சென்று பிரியும், திரையைப் படித்துச் சொல்லும் குரலும் உண்டு. கை நடுங்குகிறவர்களுக்குத் திரைக் கீபோர்டு உதவுகிறது.

இளைஞர்கள் சிலர், "எதற்கு சார் பாஸ்வேர்டு, தானாக உள்ளே போகிற மாதிரி வையுங்கள்" என்றார்கள். ஆட்டோ லாகின் என்று அதற்கும் இடம் இருக்கிறது. பொதுக் கணினியில் வைக்கமாட்டேன். வீட்டில் வைப்பது உங்கள் விருப்பம். ஆனால் வைத்தால் ஒரு தொல்லை வரும்: பிரவுசரைத் திறந்ததும் கீரிங் பாஸ்வேர்டு என்று ஒரு பெட்டி வந்து கேட்கலாம். சேமித்த பாஸ்வேர்டுகள் இருக்கும் பெட்டகம், நீங்கள் லாகின் செய்யும் பாஸ்வேர்டைக் கொண்டுதான் திறக்கிறது. நீங்கள் தட்டவே இல்லை என்றால் அது எதைக் கொண்டு திறக்கும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், தப்பாக நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. லாகின் பாஸ்வேர்டு கேட்டைத்தான் காக்கிறது. கணினியைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால், அல்லது பென்டிரைவிலிருந்து வேறு லினக்ஸை ஓட்டினால், உள்ளே இருப்பதைப் படித்துவிடலாம். அதைத் தடுப்பது டிஸ்க் என்கிரிப்ஷன். அதை லினக்ஸ் போடும்போதே தேர்ந்தெடுப்பதுதான் சுலபம். லேப்டாப்பை வெளியூர் எடுத்துப் போகிறவர்கள் அதைக் கட்டாயம் செய்யுங்கள். நூலக அறைக் கணினிகளில் நான் செய்யவில்லை. அங்கே யாரும் வங்கி ஆவணங்களைச் சேமித்து வைக்காதீர்கள்.

கெஸ்ட் வசதியைப் பற்றிக் கமிட்டியில் இரண்டு கருத்து இருக்கிறது. பாஸ்வேர்டு இல்லாமல் ஒருவர் உள்ளே போகலாம். லாக் அவுட் செய்ததும் அவர் இறக்கியது, எழுதியது எல்லாம் அழிந்துவிடும். பிரிண்ட் எடுக்க வரும் விருந்தினர், வீட்டு வேலைக்கு வருபவர்கள், நம் செக்யூரிட்டி அண்ணன்கள், இவர்களுக்காக நான் அதைக் கேட்டேன். 2017-இல் உபுண்டுவில் இதில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. கெஸ்டாக வந்தவர் மற்றவர்களின் ஃபோல்டர்களுக்குள் போக முடிந்தது. அதனால் அதை அணைத்தே வைத்தார்கள். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. எல்லோருடைய ஃபோல்டரையும் பூட்டிவிட்டு, கெஸ்டாக நானே போய் ஒவ்வொன்றையும் திறக்க முயன்று பார்த்தேன், அனுமதி இல்லை என்றது. பிறகுதான் ஆன் செய்தேன். வேலைக்கு வருபவர்கள் கணினியைத் தொடக்கூடாது என்று ஒரு குரல் இன்னமும் இருக்கிறது. எனக்கு அது சம்மதமில்லை. பொதுக்குழுவில் பேசிக்கொள்வோம்.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. லாகின் திரையில் கை வைப்பதற்கு முன், டைம்ஷிஃப்ட் என்ற நிரலில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். மின்டிலேயே இருக்கிறது. அமைப்புக் கோப்பைக் கையால் திருத்தப் போய் எனக்கு ஒருமுறை திரை முழுக்கக் கறுப்பாகிவிட்டது. அப்போது கைகொடுத்தது கொல்லைப்புறக் கதவு: கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் படமே இல்லாத எழுத்துத் திரை வரும். அதிலும் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போய்ப் பழையபடி மாற்றலாம். திரும்பி வர எஃப்7. எதை மாற்றினேன் என்று ஒரு நோட்டில் எழுதி, கணினி மேசையின் டிராயரில் வைத்திருக்கிறேன். நாளைக்கு நான் ஊரில் இல்லாவிட்டாலும் இன்னொருவர் பார்த்துக்கொள்ளலாம்.

உபுண்டு வைத்திருக்கும் இரண்டு மூன்று பேர் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் திரை வேறு, அது ஜி.டி.எம். பின்னணிப் படம் அங்கே ஒரு கட்டுக்குள் அடைத்துத் தைத்து வைக்கப்பட்டிருக்கும். பிரித்து மாற்றினாலும் அடுத்த அப்டேட்டில் பழையது வந்துவிடலாம். மெனக்கெடாதீர்கள். ஆனால் பெயர்ப் பட்டியலை மறைப்பது, ஒரு வரிச் செய்தி காட்டுவது, லோகோ வைப்பது, இவற்றுக்கு முறையான வழி இருக்கிறது. கே.டி.ஈ. பிளாஸ்மா வைத்திருக்கும் ஐ.டி. தம்பிக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தக் காலாண்டு நீலப் பின்னணி. அடுத்த காலாண்டுக்கு நம் குடியிருப்புப் படம் ஒன்றை வைத்து, ஓரத்தில் எண்களை எழுதலாம் என்று கமிட்டி ஒத்துக்கொண்டிருக்கிறது. போனைக் குறுக்கே பிடித்து எடுத்த படமாக இருக்கட்டும். நடுப்பகுதி வெறுமையாக, வானமோ சுவரோ மாதிரி இருந்தால் எழுத்து தெரியும். யார் முகமும் வேண்டாம், தலைவர் முகம் உட்பட. படங்களை அலுவலகத்தில் கொடுங்கள். மாமா ஏற்கெனவே மூன்று படம் கொடுத்துவிட்டார், மூன்றிலும் காக்கா இருக்கிறது. கேள்விகளைக் காபி குடித்துக்கொண்டே பேசலாம்.